இட்லித் தட்டும் கிட்டார் பெட்டியும்

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவனுக்கு முதல் எதிரி கெட்டுப்போன பெட்டி இல்லை. கடை வாசலை மிதித்ததும் நல்லபடியாகப் பாடத் தொடங்குகிற பெட்டிதான். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரி. மிக்ஸி, கடிகாரம், தையல் மெஷின் என்று ஏதாவது ஒன்றைத் திறந்துபோட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் என் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் மைக் செட்டுக்காரர்கள். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள். அதிலும் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்த புதிதில் செய்த பழைய பெட்டிகள். நான் யாரிடமும் தொழில் பழகவில்லை. வீட்டு ரேடியோவைத் திறந்தேன், மூடத் தெரியவில்லை, அப்படியே ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பெட்டிகளுக்குள் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருக்கும். சின்னதாக, தகரத் தொப்பி போட்டுக்கொண்டு, மூன்று காலில் நிற்கும். நன்றாக இருக்கும்போது அதைப்போல இனிமையாகப் பாட எதுவும் இல்லை. ஆனால் சூடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. வயதாகிச் சூடும் ஏறினால் உள்ளுக்குள்ளேயே கசிந்து, உறுமி, பாட்டைக் கரகரவென்று அரைத்துத் தரும். அப்படிப்பட்ட ஒன்றை, நாலு பக்கமும் பாறை காய்கிற இந்த ஊருக்கு அனுப்பிவைத்தவன் யாரோ, அவன் சித்திரை மாதத்தில் இங்கே பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கமாட்டான்.

உள்ளே இருக்கிறவனுக்குப் பொட்டு

முருகையன் இன்னிசைக் குழு வைத்திருக்கிறார். சீயமங்கலம் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர் குழுதான். ஆயுத பூஜை முடிந்த கையோடு ஆம்ப்ளிஃபயரைத் தோளில் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துது. இன்னிக்கு வாயே தொறக்கல மெக்கானிக்கு" என்றார்.

வெளியே ஒவ்வொரு திருகிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அது வழக்கம்தான். பின்பக்கத்தைக் கழற்றினேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு விபூதிப் பட்டை. ஒவ்வொரு டிரான்சிஸ்டர் தொப்பிக்கும் தனித்தனியாகப் பொட்டு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், காய்ந்து கூம்பையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கிட்டார் ஒயர் செருகுகிற ஓட்டைக்குள் விபூதியை விரலால் அழுத்தி அடைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஊதுபத்தி செருகிய வாழைப்பழத்தை மட்டும் காணவில்லை. அதை எலி கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஒரு நாள் முழுக்கத் துடைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "வருஷா வருஷம் பூஜை போடுங்க, வேணாம்னு சொல்லல. பொட்டை வெளியிலேயே வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். முருகையன் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"வெளிய இருக்கறது வெறும் மரப்பொட்டி மெக்கானிக்கு. வேல செய்யறவன் உள்ளதான இருக்கறான், அவனுக்கு வெக்காம வேற யாருக்கு வெக்கறது?"

கடைக்கு வந்தால் நல்ல பிள்ளை

வல்லம் தாண்டி ஒரு ஊர். பேர் வேண்டாம், ஏன் என்று நீங்களே பிறகு தெரிந்துகொள்வீர்கள். அந்த ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர் யாக்கோபு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். பழைய ஃபாதர் ஒருவர் ஊருக்கு விட்டுப்போன பச்சை ரெக்ஸின் ஒட்டிய ஆம்ப்ளிஃபயரை, சம்சாரத்தின் பழைய புடவையில் சுற்றி, மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு வருவார். உறுமுகிறது என்பார். நான் கரண்டில் போடுவேன். அவர் கிட்டாரில் ஒரே ஒரு கம்பியைத் தட்டுவார். மணி அடித்தாற்போல் சத்தம் வரும். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். அந்த ஒரு கம்பிக்குமேல் நான் கேட்டதும் இல்லை. என் கடை வேப்பமரத்து நிழலில் இருக்கிறது. நாள் முழுக்க ஓடவிட்டாலும் பச்சைப் பெட்டி குழந்தை மாதிரி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உறுமும். திங்கட்கிழமை மறுபடியும் புடவை, மொபெட்.

இந்த வருஷம் தேர்த் திருவிழா நெருங்கும்போது வந்தவர் பெட்டியை இறக்காமலேயே நின்றார். அவருடைய அண்ணன் மகள் ஆரோக்கியமேரி டீச்சர்தான் பாடகர் குழுவை நடத்துகிறாள். அவள் ஃபாதரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாளாம்: திருவிழாப் பூசையில் பெட்டி ஒரு தரம் உறுமினாலும் கிட்டார் கிடையாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கீபோர்டுதான்.

"போனா போவுது, உக்காந்து பாட்டு கேட்டுட்டுப் போங்களேன்" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மல்லாட்ட கொல்லில நிக்கறதுக்கு ஊர்ல நூறு பேரு இருக்கறான்ணா. பீடத்தாண்ட நிக்கறதுக்கு நான் ஒருத்தன்தான்."

பூசைக்குப் போன மெக்கானிக்

நோயாளி ஆஸ்பத்திரியில் நடிக்கிறான் என்றால் டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் பூசைக்குப் போனேன். கடைசி வரிசையில், செருப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போனதும் விஷயம் பாதி புரிந்துவிட்டது. பாடகர் குழு நிற்கிற பக்கத்துக்கு மட்டும் தகர ஷீட் கூரை. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பச்சைப் பெட்டியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு யாக்கோபு விடிந்ததுமே வந்து பெட்டியை ஆன் செய்துவிட்டார். அது "நல்லா முழிச்சிக்கணும்" என்பது அவர் கொள்கை. முதல் பாட்டுக்கே அது நன்றாக விழித்துக்கொண்டது. முதலில் பூனை மாதிரி, பிறகு மேட்டில் ஏறுகிற டவுன் பஸ் மாதிரி. அது உறுமியதும் சனம் மொத்தமும் எழுந்து நின்றது; அதன் பிறகுதான் பாட்டு வந்தது. நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். கை மேலும் கீழும் போனது தெரிந்தது. என்ன வாசித்தார் என்பது அந்த உறுமலுக்குள் கர்த்தருக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது உபதேசியார் என்னைப் பிடித்துக்கொண்டார். கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். புது முகம், நெற்றியில் விபூதி வேறு. "இன்னாங்க, ஞானஸ்நானம் எடுக்கற உத்தேசமா?" என்றார். இல்லை, யாக்கோபுவின் பெட்டி உறுமுவதைக் கேட்க வந்தேன் என்றேன். அவர் என் நெற்றியை இன்னொரு தரம் பார்த்தார்.

"அது ஓயணும்னு நாங்க வாரா வாரம் ஜெபம் பண்றோம். நீங்க அதக் கேக்கறதுக்குன்னே பஸ்ஸு ஏறி வந்தீங்களா?"

நோய்தான் வேண்டும்

அதே வாரம் புதுச்சேரியிலிருந்து பிரவீன் என்று ஒரு பையன் வந்தான். தாடி, காதில் வளையம், கையில் ஏறக்குறைய யாக்கோபுவின் பெட்டிக்குத் தம்பி மாதிரி ஒன்று. பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தானாம். சரி பண்ணித் தாருங்கள் என்றான். அதுவும் உறுமியது. கிட்டார் சத்தம் முதலில் நுழைகிற முன்வரிசையில் இருந்த குட்டி டிரான்சிஸ்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிய வகையில் ஒன்றைப் போட்டேன். காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றினேன். பெட்டி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

பிரவீன் வந்து வாசித்துப் பார்த்தான். முகம் சுருங்கிப்போனது. திரும்பவும் வாசித்தான். ஸ்பீக்கரில் காதை வைத்தான். பிறகு, சாவு வீட்டில் பேசுகிற குரலில், "அங்கிள், அது எங்க?" என்றான். எது என்றேன். "அந்த உர்ர்ர்." அந்த உறுமலுக்காகத்தான் உலகம் பூராவும் இந்தப் பெட்டிகளைத் தேடுகிறார்களாம். அவன் ஒரு டப்பா நிறையப் பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் சேர்த்து வைத்திருக்கிறானாம், எதற்கும் இருக்கட்டும் என்று.

நான் இத்தனை வருஷம் சேர்த்த கெட்ட பேரெல்லாம் உறுமலால் வந்தது. அதையே வேண்டும் என்று கேட்கிற ஒருவனை அன்றுதான் பார்த்தேன். குட்டி டிரான்சிஸ்டரைக் குப்பையிலிருந்து தேடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்து ஈயம் வைத்தேன். போதாதென்று, உறுமலைக் கூட்டவும் குறைக்கவும் பின்பக்கத்தில் ஒரு திருகு வைக்கச் சொன்னான். அதையும் வைத்தேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

"நீங்க நோயத் தீத்துட்டீங்க அங்கிள். எனக்கு அந்த நோய்தான் வேணும்."

கறுப்பு ஒயர்

யாக்கோபுவின் பெட்டியைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒத்திகையில் கரண்ட் போய்விட்டது. பச்சைப் பெட்டி பேட்டரியிலும் ஓடும். அந்தக் காலத்தில் கிராமத்துக்கென்று செய்த பெட்டிகள் எல்லாம் அப்படித்தான். யாக்கோபுவின் மருமகன் செல்வம் டிராக்டர் மெக்கானிக். கேட்க வேண்டுமா? ஓடிப்போய் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டிவிட்டான். சிவப்பு ஒயர் உள்ளே, கறுப்பு ஒயர் தகர பாடிக்கு. டிராக்டர் தெரிந்த எவனும் அப்படித்தான் மாட்டுவான்.

இந்தப் பழைய ஜெர்மானியம் பெட்டிகளுக்கு எல்லாமே தலைகீழ். சிவப்புதான் பாடிக்குப் போக வேண்டும். பின்னால் அப்படி எழுதியும் இருந்தது, ரெக்ஸின் உரிந்து எழுத்து போய்விட்டது. பெட்டி ஒரு தரம் "டொப்" என்றது. பிறகு கருகின வாசனை. ஆரோக்கியமேரி டீச்சர் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டாளாம். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றார் யாக்கோபு.

மாமனாரும் மருமகனும் சேர்ந்தே வந்தார்கள். திறந்து பார்த்தேன். ஸ்பீக்கரை ஓட்டுகிற பெரிய டிரான்சிஸ்டர் இரண்டும் போய்விட்டன. முன்வரிசைக் குட்டிகள் தப்பித்திருந்தன. பெரியது இரண்டும் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத சரக்கு. யாக்கோபு பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றார், ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. செல்வத்துக்கு வருத்தம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். கடைசியில் நியாயம்தான் ஜெயித்தது.

"டிராக்டரு, லாரி, ஜேசிபி எல்லாத்துலயும் கறுப்புதான் மாமா பாடிக்கு. இது ஒண்ணு மட்டும் எந்த ஊரு வண்டி?"

இட்லித் தட்டு

பிரவீனுக்குப் போன் செய்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் டப்பாவோடு வந்து இறங்கினான். அந்தக் குப்பையில் ஒரே வகையான பெரிய ஜோடி ஒன்று இருந்தது. சும்மாவே கொடுத்தான். செத்துப்போன இரண்டையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான், சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடுவதற்கு. யாக்கோபு அதைப் பார்த்துவிட்டு அவன் ஏதோ வேண்டுதல் செய்துகொள்கிறான் என்று நினைத்தார்.

ஜோடி கிடைத்தது. ஆனால் அதே தகரக் கூரை, அதே ஜன்னல். சூட்டை வெளியே எடுக்க நல்ல அலுமினியம் வேண்டும், அதுவும் பெரியதாக. கடையில் இருந்த துண்டுகள் எதுவும் போதவில்லை. வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. சமையல்கட்டுக்குப் போய் நின்றேன். என் மனைவி வாங்கின இட்லிப் பானையில் நாலு தட்டு. அவள் போய்ச் சேர்ந்தபின் ஒரு தட்டுதான் அடுப்பேறுகிறது. மற்றவை அவள் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. கனமான அலுமினியம். குழியில் டிரான்சிஸ்டரை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

துளை போட்டு, கரண்ட் தாண்டாதபடி நடுவில் மைக்கா தகடு வைத்து, தட்டைப் பெட்டியின் முதுகுக்கு வெளியே காற்றுப் படும்படி முடுக்கினேன். கை வைத்ததோடு வைத்தாயிற்று என்று காய்ந்த கண்டென்சர்களையும் மாற்றினேன். முன்வரிசையில் கசிந்துகொண்டிருந்த குட்டியைக் கழற்றி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நல்லதாக ஒன்றைப் போட்டேன். பிறகு பெட்டியைக் கொண்டுபோய் நடு வெயிலில் பாறைமேல் வைத்து ஓடவிட்டேன். மத்தியானம் வரை முனகல்கூட இல்லை. கோட்டை பார்க்க வந்த இரண்டு பேர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

யாக்கோபு குனிந்து தட்டைத் தடவிப் பார்த்தார். "அண்ணி தட்டுல வெச்சது எதுவும் வேகாம போனதில்லண்ணா" என்றார். பிரவீன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அங்கிள், இது வேகக் கூடாதுன்னுதானே வெச்சோம்?"

திருவிழாப் பூசை

திருவிழா அன்று காலையில் நானும் போனேன். உபதேசியார் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார். பச்சைப் பெட்டி பீடத்துக்குப் பக்கத்தில், முதுகில் இட்லித் தட்டோடு நின்றது. தட்டு தெரியாமல் இருக்க டீச்சர் ஒரு சரிகைத் துணியைக் கொண்டுவந்தாள். காற்றுப் படவேண்டும் என்று நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஃபாதர் அதை ஒரு தரம் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பிக்க வேண்டிய நேரம். கோயில் அமைதியாக இருந்தது. சனம் உட்கார்ந்தே இருந்தது. உறுமல் வந்தால்தானே எழுந்திருப்பார்கள்? டீச்சர் இரண்டு கையையும் தூக்கி எல்லாரையும் எழுப்ப வேண்டியிருந்தது. யாக்கோபு கண்ணை மூடி முதல் பிடியை, கார்டு என்பார்களே அதை, வாசித்தார். பெட்டி அதைத் துளிக் கலப்பில்லாமல், மணி மணியாக, கடைசிச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சக பாவிகளே, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் பாட்டு வடக்கே போகும்போது கிட்டார் தெற்கே போனால் யாருக்கும் தெரிந்துவிடும். யாக்கோபுவுக்குத் தெரிந்தது மூன்று பிடி. எந்தப் பாட்டாக இருந்தாலும் அந்த மூன்றும் அதே வரிசையில் வரும். இத்தனை காலமும் உறுமல் அதை மூடி வைத்திருந்தது, ஊரிடமிருந்தும் அவரிடமிருந்தும். ஒரு பாட்டு முடிவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். இரண்டாவது பாட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்தார். மூன்றாவது பாட்டில் கை மட்டும் அசைந்தது, கம்பி அசையவில்லை. உபதேசியார் பூசை முடிகிறவரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து சனம் தேர்ப் பக்கம் போனபோது டீச்சர் என்னிடம் வந்தாள். பெட்டி ஒரு தரம்கூட உறுமவில்லை. அவள் சொன்ன சொல்படி யாக்கோபுவின் இடம் யாக்கோபுவுக்குத்தான். அது அவளுக்கும் தெரியும்.

"பொட்டிய ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க ஐயா. எங்க சித்தப்பாவ எந்தக் கடையில குடுக்கறது?"

கடைசியாக வந்த வாடிக்கைக்காரி

யாரும் யாக்கோபுவை நிறுத்தவில்லை. அவரே நின்றுகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டி வலி என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். அதற்கு அடுத்ததற்கும் முட்டி வலி. நான் போன் செய்தபோது மல்லாட்டைக்கு மழை போதவில்லை என்று மட்டும் பேசினார். எனக்கு அன்றைக்கு இட்லி இறங்கவில்லை. ஒரு பெட்டியைச் சரியாக்கியதற்காக நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் ஆரோக்கியமேரி டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பச்சைப் பெட்டியை அதே புடவையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். சித்தப்பாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்தாளாம். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"இதுல இன்னாமா ரிப்பேரு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல ஐயா, நல்லா இருக்குது. அதான் வந்தேன்."

கீபோர்டு வந்துவிட்டதாம். பிசிறில்லாமல் ஒலிக்கிறதாம். ஆனால் யாரும் எழுந்திருக்கமாட்டேன் என்கிறார்கள். உறுமல் வந்தால் பாட்டு வரும் என்று காத்துக் காத்து, பாட்டு பாதி போனபின் எழுந்திருக்கிறார்கள். எழுந்தவர்களும் பாடுவதில்லை. முன்பெல்லாம் உறுமலுக்குள் தங்கள் குரல் தெரியாது என்ற தைரியத்தில் ஊரே பாடியது. இப்போது ஒவ்வொருத்தருக்கும் தன் குரல் தனக்கே கேட்கிறது, வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாருக்கும் முட்டி வலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு தரம் உறுமினாலும் கிட்டார் கெடையாதுன்னு ஃபாதர் முன்னாடி சொன்னது நீதானமா?"

"சொன்னேன். அந்த ஃபாதர் மாத்தலாகிப் போய்ட்டாரு."

நான் எழுந்து அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தேன். கசிந்த குட்டி டிரான்சிஸ்டர் அதற்குள் பத்திரமாக இருந்தது. பிரவீனுக்கு வைத்த மாதிரியே இதற்கும் பின்னால் ஒரு திருகு வைக்கலாம் என்று சொன்னேன். அந்தத் திருகு எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். பெட்டி பழையபடி கெட்டுவிட்டது, இனிமேல் சரி செய்ய முடியாது என்று நான் என் வாயால் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டுமாம். தப்பு பெட்டியின் மேல் இருந்தால் அவர் வந்துவிடுவார். தன் மேல் இருந்தால் வரமாட்டார். என் தொழிலுக்கு இதைவிடக் கெட்ட பேர் கிடையாது. சரி என்றேன்.

ஈயம் வைத்து முடித்ததும் கரண்டில் போட்டேன். திருகை மெதுவாகத் திருப்பினேன். பூனை வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டவுன் பஸ் கிளம்பியது. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அவளே கையை நீட்டித் திருகைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ரொம்ப வேணாம் ஐயா. தப்பு கேக்காத அளவுக்குப் போதும்."

உறுமலை எடுப்பதற்கே ஒரு ஆயுசைச் செலவழித்தவன், ஒரு மனுஷன் பீடத்தாண்ட மறைந்து நிற்கிற அளவுக்கு மட்டும் உறுமலை வைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற மூன்று தட்டில் ஒன்றில் தினமும் இட்லி ஊற்றிக்கொண்டு, என் கையாலாகாத்தனத்தைப் பற்றி, மறுபடியும் கிட்டார் பிடித்த யாக்கோபு ஊரெல்லாம் சொல்வதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.